தோப்பு வீட்டுக்கு 5ஜி நெட்: வாங்கும் முன் மொட்டை மாடி ஏறிப் பாருங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் இருக்கிற எங்கள் வீட்டில் ஃபைபர் கனெக்‌ஷனை நிறுத்திவிட்டு, மொட்டை மாடியில் பெட்டி வைத்து டவரிலிருந்து நெட் எடுக்கிற 5ஜி சர்வீஸுக்கு மாறி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கோடை, ஆடிக் காற்று, ஐப்பசி இடி மழை எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஆனால் பக்கத்துத் தோட்டத்தில் அதே கம்பெனி, அதே ப்ளான், அதே பெட்டி வைத்தவர் தினமும் திட்டிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வதும் பொய்யில்லை. அதனால் எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, சொன்னாலும் உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை. டவுனில் கம்பெனி பார்த்து வாங்கலாம். ஊர்ப்பக்கம் எந்த டவர், அது எந்தத் திசையில், நடுவில் என்ன நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஃபைபரை ஏன் விட்டேன் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஃபைபர் கெட்டதில்லை, வருகிற நாளில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. வருகிற நாள்தான் பிரச்சினை. மெயின் ரோட்டிலிருந்து எங்கள் வீடு வரை ஈபி கம்பத்திலும் தென்னை மரத்திலும் மாற்றி மாற்றிக் கட்டித்தான் கேபிளை இழுத்திருந்தார்கள். காய்ந்த மட்டை ஒன்று விழுந்தால் போதும், அறுந்துவிடும். மட்டை விழவில்லை என்றால் அணில் கடிக்கும். அணிலும் சும்மா இருந்தால் குடிநீர்க் குழாய் பதிக்க ஜேசிபி வந்துவிடும். அறுந்த ஃபைபரை ஒட்ட ஸ்ப்ளைசிங் மெஷின் வேண்டும், அது பொள்ளாச்சியில் ஒருவரிடம் இருக்கிறது, அவர் உடுமலை லைனில் வேலையாக இருப்பார். ‘நாளைக்குக் காலைல வந்தர்றேனுங்ணா’ என்பார். எந்த நாளைக்கு என்று கேட்கக் கூடாது. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகிற அரசுத் திட்டம் இருக்கிறது, நல்ல திட்டம்தான், ஆனால் பஞ்சாயத்து ஆபீஸ் வரை வருவது வேறு, அங்கிருந்து தோப்புக்குள் தனியாக இருக்கிற வீட்டுக்கு வருவது வேறு. கடைசி ஒரு கிலோமீட்டருக்கு நான் ஒருவன்தான் கஸ்டமர் என்றால் யார் கேபிளைப் பராமரிப்பார்கள்?

சரி, இந்தக் காற்றுவழி நெட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு. ஃபோனில் வருகிற அதே 5ஜிதான். ஆனால் சட்டைப் பையில் கிடக்கிற ஃபோனுக்குப் பதில், பெரிய ஆன்டெனா உள்ள பெட்டி ஒன்று வீட்டுக்கு வெளியே உயரத்தில், ஆடாமல் அசையாமல், டவரைப் பார்த்து நிற்கும். அதிலிருந்து ஒரே ஒரு லேன் கேபிள் வீட்டுக்குள் இறங்கும், கரண்டும் அதே கேபிள் வழியாகத்தான் மேலே போகும். உள்ளே சாதாரண வைஃபை ரவுட்டர். ஏர்டெல் 2023 ஆகஸ்டிலும் ஜியோ 2023 செப்டம்பரிலும் ஏர்ஃபைபர் என்ற பெயரில் இதை ஆரம்பித்தார்கள். ஆரம்பத்தில் ஏர்டெல் 100 எம்பி வேகத்துக்கு மாதம் 799 வைத்தது. ஜியோ 30 எம்பிக்கு 599, 100 எம்பிக்கு 899 என்று வைத்தது. போஸ்டரில் 599 என்று பெரிதாகப் போடுவார்கள், ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் 707 ரூபாய் வரும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ப்ளான்கள் அவ்வப்போது மாறும், வாங்குகிற அன்று ஆப்பில் பார்த்துவிடுவது நல்லது.

இதில் ஒரு நுணுக்கம். ஜியோவில் ஏர்ஃபைபர் என்று சொல்லி வைக்கிற எல்லாமே 5ஜி கிடையாது. சில இடங்களில் லைசென்ஸ் தேவைப்படாத அலைவரிசையில் பக்கத்துக் கம்பத்திலிருந்தோ கட்டடத்திலிருந்தோ நேராக வீட்டுக்கு அடிக்கிற ரேடியோவை வைக்கிறார்கள், யுபிஆர் என்பார்கள். தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்துகிற ட்ராய் அமைப்பின் கணக்கிலேயே இதைத் தனியாகக் காட்டுகிறார்கள். கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் அதற்கு நேர்க்கோட்டில் எதுவும் மறைக்கக் கூடாது. வைக்க வருகிற தம்பியிடம் ‘இது 5ஜியா, யுபிஆரா?’ என்று கேட்டால் சொல்லிவிடுவார். கேட்டதாலேயே கொஞ்சம் மரியாதையும் கிடைக்கும்.

அப்புறம் ஃபோனில் 5ஜி என்று காட்டுகிறதே, அதை நம்பி புக் பண்ணாதீர்கள். 2022 5ஜி அலைவரிசை ஏலத்தில் தனியார் கம்பெனிகளில் ஜியோ மட்டும்தான் 700 மெகாஹெர்ட்ஸ் எடுத்தது. அது வெகுதூரம் போகும், சுவருக்குள்ளும் புகும், ஆனால் பட்டை, அதாவது அலைவரிசையின் அகலம், குறுகல் என்பதால் வேகம் பெரிதாக வராது. நிஜமான வேகம் 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது, ஜியோவும் ஏர்டெலும் அங்கே பெரிய பட்டை வைத்திருக்கிறார்கள். ஆனால் அது கொஞ்ச தூரம்தான் வரும், குறுக்கே சுவரோ மரமோ வந்தால் சோர்ந்துவிடும். இரண்டுக்கும் ஃபோனில் மேலே ஒரே 5ஜி சின்னம்தான். ஒருவருக்கு 20 எம்பியும் இன்னொருவருக்கு 200 எம்பியும் வருவதற்கு இதுதான் பாதிக் காரணம்.

எப்படிப் பார்ப்பது? ஆண்ட்ராய்டு ஃபோனில் செட்டிங்ஸ், அபவுட் ஃபோன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் ஸ்ட்ரெங்த் என்று மைனஸில் ஒரு எண் இருக்கும், டிபிஎம் என்று போட்டிருக்கும். மைனஸ் 80க்குப் பக்கம் என்றால் பிரமாதம், 100க்குப் பக்கம் என்றால் சமாளிக்கலாம், 110ஐத் தாண்டினால் ஆசையை விட்டுவிடலாம். எந்த பேண்ட் (அலைவரிசை), இரைச்சல் எவ்வளவு என்றெல்லாம் வேண்டுமென்றால் நெட்மான்ஸ்டர் மாதிரி இலவச ஆப் போட்டுக்கொள்ளலாம். யாரிடமாவது அந்தக் கம்பெனி சிம் இருக்கிற ஃபோனைக் கொஞ்ச நேரம் வாங்கி, வீட்டுக்குள் வேண்டாம், மொட்டை மாடிக்குப் போய் நாலு மூலையிலும் நின்று பாருங்கள். காலையில் ஒரு தரம், ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒரு தரம். ராத்திரிதான் முக்கியம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது மரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதை எந்த கஸ்டமர் கேரும் சொல்ல மாட்டார்கள். தென்னந்தோப்பு 3.5 கிகாஹெர்ட்ஸுக்கு எதிரி. ஓலையில் இருக்கிற ஈரம் சிக்னலைக் குடித்துவிடும். ஆனால் தோப்புக்குத் தோப்பு வித்தியாசம் இருக்கிறது. எங்களுடையது தாத்தா காலத்து நெட்டை மரங்கள், கொண்டை எல்லாம் ஐம்பது அடிக்கு மேல். மாடியில் வைத்த பெட்டிக்கு நேரே வெறும் மரத்தண்டுகள்தான், நடுவில் சந்து சந்தாக வெளிச்சம் தெரியும், அந்தச் சந்து வழியாகத்தான் சிக்னல் வருகிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் பழைய மரங்களை வெட்டிவிட்டுக் குட்டை ரகம் வைத்தார், அதன் ஓலைகள் சரியாக அவர் மொட்டை மாடி உயரத்துக்கு வந்து நிற்கின்றன. டவருக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் பச்சைச் சுவர் எழுப்பின மாதிரி. எங்களை விட அவருக்கு டவர் கிட்டத்தில்தான் இருக்கிறது, ஆனால் வேகம் எங்களில் பாதி கூட வருவதில்லை. மழை பெய்து ஓலை நனைந்தால் அதிலும் பாதி. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது ஓலை ஆட ஆட அவருடைய சிக்னலும் ஆடும், வீடியோ கால் பேசுகிறவர் முகம் நின்று நின்று வரும். மழை மட்டும் என்றால் பயமில்லை, இந்த அலைவரிசையை மழைத்துளி பெரிதாக ஒன்றும் செய்யாது. நனைந்த மரம்தான் செய்யும். அவர் இப்போது பதினைந்து அடி ஜிஐ பைப் வாங்கி அதன் உச்சியில் பெட்டியை ஏற்றப் போகிறார். கம்பெனிக்காரர்கள் அதற்கெல்லாம் வர மாட்டார்கள், போர்வெல் மோட்டார் இறக்குகிறவரைத்தான் பேசி வைத்திருக்கிறார்.

வைக்க வந்த தம்பிகளைப் பற்றி. நல்ல பையன்கள்தான், ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று டார்கெட் இருக்கும் போல, அவசரம். மாடிப்படி ரூம் சுவரில் டக்கென்று ட்ரில் போடப் போனார்கள். ‘தம்பி, அந்தத் தண்ணி டேங்க் ஸ்டாண்ட் பக்கம் வைங்க, அங்கதான் டவர் தெரியுது’ என்றேன். ‘ணா, அவ்ளோ தூரத்துக்குக் கேபிள் பத்தாதுங்ணா, இங்கயே ஃபுல் சிக்னல் காட்டுது பாருங்க’ என்று ஃபோனைக் காட்டினார். அந்த ஃபுல் சிக்னல் 700 மெகாஹெர்ட்ஸ் சிக்னலாகவும் இருக்கலாம். கூடுதல் கேபிளுக்குக் காசு தருகிறேன் என்று சொல்லி டேங்க் பக்கமே வைக்கச் சொன்னேன். ஸ்பீட் டெஸ்டில் இரண்டு இடத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம் வந்தது, அந்தத் தம்பிக்கே ஆச்சரியம். அதனால் அவர்கள் வரும்போது வீட்டில் விவரம் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும், பாட்டியை மட்டும் விட்டுவிட்டு ஆபீஸ் போய்விட்டால் படிக்கட்டுப் பக்கம்தான் பெட்டி தொங்கும். கேபிள் வீட்டுக்குள் நுழைகிற இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு நுழைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் மழைத்தண்ணீர் கேபிள் வழியாகவே நடந்து ரவுட்டருக்கு வந்துவிடும்.

வேகம்? எங்களுடையது 100 எம்பி ப்ளான். காலையிலும் மதியமும் தொண்ணூறுக்குக் குறையாது. சாயங்காலம் ஏழரைக்கு மேல் இறங்க ஆரம்பித்து ஒன்பது மணிக்கு முப்பது, சில நாள் இருபதுக்குக் கூட வரும், பதினொரு மணிக்கு மேல் பழையபடி ஏறிவிடும். கோளாறு ஒன்றும் இல்லை, டவரில் இருக்கிற வேகத்தை அந்த நேரத்தில் ஊரே பங்கு போடுகிறது. ஐபிஎல் சமயத்தில் இன்னும் மோசம். எங்கள் ஊருக்கென்று தனியாக ஒரு கணக்கும் உண்டு, அமாவாசை அன்று மாசாணியம்மன் கோவிலுக்கு வருகிற கூட்டம் மொத்தமும் ஃபோனோடுதான் வரும், அன்றைக்குப் பகலிலேயே நெட் தள்ளாடும். முப்பது எம்பியில் டிவியில் படம் பார்க்கலாம், ஒன்றும் நிற்காது. ஆனால் ஊரில் கனெக்‌ஷன் கூடக் கூட இந்த ராத்திரி வேகம் இன்னும் குறையும் என்பதுதான் என் பயம். நான் வாங்கியபோது எங்கள் பக்கம் இரண்டு வீட்டில்தான் பெட்டி தெரிந்தது, இப்போது பஸ்ஸில் போகும்போது பார்த்தால் வரிசையாகத் தெரிகிறது.

அப்லோடு வேறு கதை. 100 எம்பி டவுன்லோடு வருகிற நேரத்தில் அப்லோடு பத்து, பன்னிரண்டு என்றுதான் இருக்கும். இந்த 5ஜியில் ஒரே அலைவரிசையை நேரம் பிரித்து இறக்கவும் ஏற்றவும் பயன்படுத்துகிறார்கள், பெரும்பங்கு நேரத்தை இறக்குவதற்கே ஒதுக்குகிறார்கள். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவதற்கு, கிளையண்ட் அனுப்புகிற பில்களை ஏற்றுவதற்கு எனக்கு இது தாராளம். என் தம்பி கோயம்புத்தூர் ஐடி கம்பெனியில் இருக்கிறான், வெள்ளிக்கிழமை இங்கே வந்து விபிஎன் போட்டு ஆபீஸ் நெட்வொர்க்கில் சேர்ந்து வேலை பார்ப்பான், மீட்டிங்கெல்லாம் பிரச்சினை இல்லை என்கிறான். ஆனால் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிற ஒருவர் பெரிய பெரிய ஃபைல்களை ஏற்ற இதை நம்பினால் ராத்திரி முழுக்க உட்கார வேண்டியதுதான். ஃபைபர் இந்த இடத்தில் ஜெயித்துவிடுகிறது.

அன்லிமிடெட் என்று போட்டிருந்தாலும் மாதம் 1000 ஜிபி என்ற வரம்பு சின்ன எழுத்தில் இருக்கும், ஒரு நாளைக்கு 33 ஜிபி ஆகிறது. எச்டி படம் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி என்று வைத்துக்கொண்டால் தினமும் பதினொரு மணி நேரம் பார்க்கலாம். நம் வீட்டில் யாரும் அவ்வளவு பார்ப்பதில்லை என்று நினைப்போம், லீவு விட்டு அக்கா பிள்ளைகள் வந்து இறங்கினால் அப்போது தெரியும். வரம்பு தாண்டினால் ஒரு கம்பெனியில் 2 எம்பிக்கு இறக்குவார்கள், இன்னொன்றில் 64 கேபிக்கு. 2 எம்பியில் வாட்ஸ்அப் பேசிக்கொள்ளலாம், 64 கேபியில் ரீசார்ஜ் பண்ணுகிற பக்கம் கூடத் திறக்காது. வாங்கும் முன் இதை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

கரண்ட் விஷயத்தை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. முன்பு ஃபைபருக்கு மோடம் ஒன்றுதான், 12 வோல்ட் மினி யுபிஎஸ் வைத்தால் முடிந்தது. இதில் ரவுட்டருக்கு ஒரு அடாப்டர், மாடிப் பெட்டிக்கு ஒரு அடாப்டர், இரண்டுக்கும் வோல்ட் வேறு வேறாக இருக்கலாம், அடாப்டர் பின்னால் எழுதியிருப்பதைப் பார்க்காமல் மினி யுபிஎஸ் வாங்கினால் மேலே இருக்கிற பெட்டிக்கு உதவாது. வீட்டு இன்வெர்ட்டரில் போடுவதுதான் சுலபம். ஆனால் கரண்ட் போய் இன்வெர்ட்டர் மாறுகிற அந்த ஒரு நொடியில் பெட்டி ஆஃப் ஆகி, மறுபடியும் டவரைத் தேடிப் பிடித்து எழுந்திருக்க மூன்று நான்கு நிமிஷம் எடுக்கும். இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், பெரும்பாலான வீடுகளில் அது நார்மலிலேயே கிடக்கும். அதை மாற்றிவிட்டதும் எங்களுக்கு அந்தத் தொல்லை போனது. நம் வீட்டில் கரண்ட் இருந்தால் மட்டும் போதாது, டவரிலும் இருக்க வேண்டும். ஈபி நீளமாகப் போகிற நாளில் முதலில் 5ஜிதான் படுக்கிறது, ஃபோனில் 4ஜி அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் ஓடுகிறது. அதனால் வேறு கம்பெனி சிம் ஒன்றை ஃபோனில் வைத்திருப்பது நல்லது, நான் பிஎஸ்என்எல் வைத்திருக்கிறேன். சித்திரை, ஐப்பசி இடி நேரத்தில் அடாப்டரையும் லேன் கேபிளையும் கழற்றிவிடுவதும் எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. மாடியில் இரும்புக் கம்பத்தில் பெட்டி, அதிலிருந்து வீட்டுக்குள் கம்பி, இடி எதைத் தேடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தோட்டத்துக்கு சிசிடிவி வைத்திருப்பவர்கள் கவனிக்க. இந்த நெட்டில் உங்கள் வீட்டுக்கென்று தனி ஐபிவி4 முகவரி கிடைக்காது, பல வீடுகள் ஒரே முகவரிக்குப் பின்னால் இருக்கும். முன்பு ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்து, அதாவது வெளியிலிருந்து வருகிற இணைப்பை நேரே கேமராவுக்குத் திருப்பிவிட்டு, கேமரா பார்த்தவர்களுக்கு அது வேலை செய்யாது. க்யூஆர் ஸ்கேன் பண்ணி ஆப்பில் சேர்க்கிற வகைக் கேமரா என்றால் பிரச்சினை இல்லை, தேங்காய்க் களத்துக் கேமராவை நான் அப்படித்தான் சந்தையிலிருந்து பார்க்கிறேன். கேமரா போட்டுத் தருகிற ஆளுக்கு இது தெரியாது, நெட் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

கஸ்டமர் கேர் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாரும் அறிந்ததுதான். எந்தப் புகாருக்கும் முதல் பதில் ‘சார், ரவுட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’. மாடியில் டவர் பக்கம் திரும்பியிருந்த பெட்டி காற்றில் லேசாகத் திரும்பிவிட்டது என்று சொன்னால் அந்தப் பக்கம் எழுதிக்கொள்ளவே இடமில்லை போல. கடைசியில் நானே ஏறி க்ளாம்பை இறுக்கினேன். ஆனால் ஃபைபர் காலத்தோடு ஒப்பிட்டால் கூப்பிடவே வேண்டியிருந்தது குறைவுதான்.

உங்கள் ஊரில் 5ஜி வரவில்லை, 4ஜி மட்டும்தான் என்றால் சிம் போடுகிற ரவுட்டர் ஒன்று வாங்கி ஓட்டலாம், டிபி லிங்க் ஆர்ச்சர் எம்ஆர் வரிசை மாதிரி. வெளியே ஆன்டெனா மாட்டுகிற வசதி இருக்கிற மாடலாகப் பாருங்கள், அதுதான் ஊர்ப்பக்கம் உயிர். ஆனால் சாதாரண ஃபோன் ப்ளானில் ஒரு நாளைக்கு 2 ஜிபி என்றால் ஒரு வீட்டுக்கு அது மதியத்துக்குள் தீர்ந்துவிடும். ஃபோனில் தருகிற அன்லிமிடெட் 5ஜி வீடு முழுக்க ஓட்டுவதற்கு இல்லை, அதற்கும் உள்ளே வரம்பு உண்டு, 2024 ஜூலை விலையேற்றத்துக்கப்புறம் ஒரு நாளைக்கு 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள ப்ளான்களோடுதான் அது வருகிறது. தனியாள் வீட்டுக்குச் சரி, நாலு பேர் வீட்டுக்கு வேலைக்காகாது.

வாசலுக்கு நல்ல ஃபைபர் வந்திருக்கிறவர்கள், கேபிளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறவர்கள் மாற வேண்டாம். மொட்டை மாடி இல்லாத ஓட்டு வீடு, நாலு பக்கமும் குட்டைத் தென்னை என்றால் பைப் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மற்றவர்கள் ஒரு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டாமல் முதலில் குறைந்த மாதங்களுக்கு எடுத்துப் பாருங்கள். மொத்தமாகக் கட்டினால் இன்ஸ்டாலேஷன் காசு இல்லை என்று ஆசை காட்டுவார்கள், உண்மைதான், ஆனால் மரத்துக்கு நடுவில் சிக்னல் வருமா என்று தெரியாமல் வருஷக் காசைக் கட்டுவது வீண். எங்கள் பெரியப்பா போன வாரம் வந்து எல்லாம் விசாரித்துவிட்டு, டிஷ்ஷை எடுத்துவிடலாமா என்று கேட்டார். சீரியல் பார்க்கிற சேனல் எல்லாம் இந்த நெட் வழியாக ஓடுகிற டிவி பாக்ஸில் வருகிறதா என்று பெரியம்மாவை உட்கார வைத்துக் காட்டிவிட்டு அப்புறம் எடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.